அடுத்தவனுக்கு விட்ட இடம்

லேத்து இயந்திரம் தரையைத் தொட இரண்டு விரற்கடை பாக்கி இருக்கும்போது அக்பர் பாஷா கையை உயர்த்துகிறார். எட்டுப் பேரும் கடப்பாரையை அழுத்தியபடி அப்படியே நிற்கிறார்கள். அவர் மட்டும் அவசரமே இல்லாமல் காக்கி டவுசர் பைக்குள் கைவிட்டுத் துழாவி, ஒரு மரச்சில்லை எடுத்து, அதன்மேல் ஒட்டிய தூசியை ஊதிவிட்டுத் தரையில் வைக்கிறார். பிறகு கடப்பாரை முனையால் அதை இயந்திரத்தின் அடிவிளிம்புக்குக் கீழே தள்ளுகிறார். "இப்ப உடு," என்கிறார். டன் கணக்கான இரும்பு அந்தச் சில்லின்மேல் ஒரு மூலையை வைத்து உட்கார்ந்துகொள்கிறது.

இயந்திரம் தன் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இனி பத்து வருடத்துக்கு யாரும் அதைத் தொடப் போவதில்லை. பிறகு எதற்குச் சில்லு என்று புதிதாக வந்தவன் எவனாவது கேட்டால் தொலைந்தான். "நீ செத்தப்புறம் இத்த நகத்த ஒருத்தன் வருவான்ல. அவன் கடப்பாரைய எங்க உடுவான்? உன் வாயிலயா?" என்பார். படுக்கப் போட்ட பாரத்தை எழுப்புவதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை. விரல் போகிற வேலையும் அதுதான். அக்பர் பாஷாவின் இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கிறது. இருபத்தாறாம் வயதில், எவனோ ஒருவன் தரையோடு தரையாகப் படுக்கவைத்துவிட்டுப் போன கம்ப்ரஸரைத் தூக்கப் பிடிமானம் தேடியபோது மீதி போயிற்று. அந்த எவனோ ஒருவனை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் முப்பத்தொரு வருடமாகத் தினம் ஒரு தடவையாவது திட்டிக்கொண்டிருக்கிறார்.

கிண்டித் தொழிற்பேட்டையில் அவரை மேஸ்திரி என்பார்கள், பாய் என்பார்கள். பட்டறைகளில் இயந்திரம் இடம் மாற்றுகிற வேலை. ஹைட்ரா கிரேன் நுழைய முடியாத தாழ்ந்த கூரைக்கும் குறுகிய வாசலுக்கும் பஞ்சமில்லாத ஊர் என்பதால் அவருக்கு வேலைக்கும் பஞ்சமில்லை. இரும்புக் குழாய் உருளைகள் ஒரு டஜன், கடப்பாரை எட்டு, மரக்கட்டைகள், மட்டம் பார்க்க ஒரு ரசமட்டம், ஒரு டப்பா கிரீஸ். இவ்வளவுதான் சொத்து. எடை எவ்வளவு என்று அவர் கேட்பதில்லை. பாரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "வரும்," என்பார். வராது என்று இதுவரை சொன்னதில்லை.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் அவர் வீடு. அங்கே பீரோவுக்குக் கீழே சில்லு, ஃப்ரிட்ஜுக்குக் கீழே சில்லு, கட்டிலுக்குக் கீழே நான்கு சில்லு. துணி துவைக்கிற நாளில் அவர் மனைவி ஜைதூன் பீ டவுசர் பைகளைக் கவிழ்த்து எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்து, காய்ந்ததும் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுவிடுவார். "மத்த ஆம்பளைங்க பாக்கெட்ல பீடி இருக்கும், சீட்டுக்கட்டு இருக்கும். இவரு பாக்கெட்ல விறகு இருக்குது," என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்.

மனிதர் யாரையும் மெச்சுகிற ஜாதி இல்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் பளு தூக்குகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. தூக்கினதை மறுபடி அதே இடத்தில் வைப்பது ஒரு வேலையா என்பது அவர் கட்சி. கிரேன் ஓட்டுநர்களை மதிப்பதில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனால் மணமக்களைப் பார்க்குமுன் மேடைக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டைகளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். கயிறு விறைக்குமுன் சத்தம் போடுகிறவன், பாரம் நகருமுன் தோளைத் தட்டிக்கொள்கிறவன், வாயால் வேலை செய்கிறவன், இவர்கள் எல்லாருக்கும் அவரிடம் ஒரே பெயர். டுபாக்கூர்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஜவஹர் வந்து மாட்டினார். அல்லது ஜவஹரிடம் அவர் மாட்டினார்.

ஜவஹர் அடையாறுக்காரர். நாற்பத்தைந்து வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் முகவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது யூடியூபில் 'முன்னோர் முடிச்சு' என்று ஒரு சானல் நடத்துகிறார். கலம்காரி குர்த்தா, வெள்ளிக் காப்பு, தேன் தடவிய குரல். வாரம் ஒரு முடிச்சைப் போடுவார், ஒன்றையும் அவிழ்க்க மாட்டார். பெருங்கற்காலத்தில் செத்தவர்களுக்கு எழுப்பிய கல்திட்டைகளை ஒரு வாரம் மூலிகைச் சாறு ஊற்றிக் கல்லை இளக்கிக் கட்டினார்கள் என்பார். அடுத்த வாரம் ஒலி அலையால் கல்லை மிதக்கவிட்டார்கள் என்பார். அதற்கடுத்த வாரம் வானத்திலிருந்து யாரோ வந்து இறக்கிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். போன வாரம் கல் இளகியதே, அது என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது. கேட்டால், "நான் எதையும் சொல்லல. கேள்விதான் கேக்கறேன்," என்பார். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் தெருமுனை தாண்டிவிடுகிற சாமர்த்தியம் அவருடையது. அந்த ஓட்டத்தை ஆராய்ச்சி என்று நம்ப லட்சக்கணக்கில் ஆள் இருக்கிறது.

போன மாசி மாதம் அவர் அக்பர் பாஷாவைக் கூப்பிட்டார். அடையாறில் இடிக்கப் போகிற பழைய பங்களா ஒன்றின் வளாகத்தில் எட்டடி நீளத்துக்கு ஒரு கருங்கல் பலகை கிடந்தது. முன்பு கால்வாய்க்குமேல் போட்டிருந்தது. அதைப் பழங்கால முறையில், இரும்பே தொடாமல் நகர்த்த வேண்டும், படம் பிடிக்கப் போகிறோம் என்றார். அக்பர் பாஷாவுக்கு இந்த மாதிரி வேலை புதிது. ஆனாலும் பிடித்திருந்தது. சவுக்குக் கட்டைகளையும் தேங்காய்நார்க் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு எட்டுப் பேரோடு போய் இறங்கினார். ஜவஹர் முதல் காரியமாகத் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். தண்ணீரில் போட்டாலும் ஊறாத தடித்த அட்டை. அதில் பொன்னிறத்தில் 'தொல்மர்ம ஆய்வாளர்' என்று பொறித்திருந்தது. அக்பர் பாஷா அதைச் சில்லுகளோடு சேர்த்து டவுசர் பையில் போட்டுக்கொண்டார்.

கல் மதில் ஓரமாகக் கிடந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இரண்டரை டன் இருக்கும். "வரும்," என்றார்.

"முதல்ல வெறும் கயித்தக் கட்டி இழுங்க பாய். அத எடுத்துக்கறேன்," என்றார் ஜவஹர்.

"வெறுந்தரையில எப்டி சார் வரும்? அடியில கட்டை குடுக்கணும்ல."

"அது அப்புறம்."

முதலில் வராததைக் காட்டிவிட்டுப் பிறகு வருவதைக் காட்டப் போகிறார்கள் என்று அக்பர் பாஷா நினைத்துக்கொண்டார். எந்த மனிதனும் அப்படித்தானே நினைப்பான். எட்டுப் பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கல் அசையவில்லை. குழுவில் மூத்தவரான அம்மாசிக்குக் கேமராவைக் கண்டதும் நடிப்பு வந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைக்க இழுத்து, கடைசியில் மண்ணில் விழுந்தே காட்டினார். ஜவஹர் கைதட்டினார்.

பிறகு டீ வந்தது. டீ குடிக்கிற நேரத்தில்தான் ஜவஹர் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் இருக்கும் கல்திட்டை. நிறுத்திய பலகைக் கற்கள், அவற்றின்மேல் ஓர் அறை அளவுக்கு மூடுகல். அந்த மூடுகல்லின் ஓரமாய், தாங்குகல்லுக்கும் அதற்கும் நடுவே உள்ளங்கையளவு சின்னக் கல் ஒன்று செருகியிருந்தது. ஜவஹர் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

"இத பாருங்க பாய். இவ்ளோ பெரிய கல்லுக்கு நடுவுல இந்தச் சின்னக் கல் எதுக்கு? இது ஒலியதிர்வை ஒழுங்குபடுத்தற கல்லுன்னு நான் சந்தேகப்படறேன். வீணையில சுருதி கூட்டற பிருடை மாதிரி. மூவாயிரம் வருஷமா யாருக்கும் புரியல."

அக்பர் பாஷா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். கைப்பேசியை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, யாரையும் மெச்சாத அந்த மனிதர், தம் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "டேய், இங்க வாங்கடா. நம்ம ஆளு ஒருத்தன் கீறான்," என்றார்.

எட்டுத் தலைகளும் படத்தின்மேல் கவிழ்ந்தன. யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாசி மட்டும், "சில்லு வெச்சுட்டுப் போயிருக்கான் பாரு மேஸ்திரி," என்றார்.

"அதிர்வும் இல்ல, பிருடையும் இல்ல சார்," என்றார் அக்பர் பாஷா. "இது அடுத்தவனுக்கு உட்ட எடம். நாளைக்கு இந்தக் கல்லத் தொறக்கணும்னா, கட்டைய உடறதுக்கு வழி. இத்த வெச்சவன் கைய பாக்கணும் சார். பத்து விரலும் ஒயுங்கா இருந்திருக்கும்."

ஜவஹர் சிரித்தார். குழந்தை உளறினால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "நீங்க உங்க தொழில் கண்ணால பாக்கறீங்க பாய்," என்றார். தொழிலே தெரியாத கண்ணால் பார்ப்பதுதான் உசத்தி என்பது அவருடைய எண்ணம். பிறகு கேமராக்காரரைப் பார்த்து, எடுத்தது போதும், மூட்டை கட்டலாம் என்றார்.

"இன்னும் நகத்தலியே சார்," என்றார் அக்பர் பாஷா.

"நகர வேண்டாம் பாய். நகராததுதான் எனக்கு வேணும். எட்டுப் பேரால முடியல, அவ்ளோதான் கதை. உங்க எல்லாருக்கும் முழுக் கூலி வந்துரும்."

அக்பர் பாஷாவுக்குக் கோபம் வந்த விதத்தை அம்மாசி இப்போதும் சொல்லிக்காட்டுவார். கத்தவில்லை. டவுசரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, கல்லைப் பார்த்து, "வா, நெயலுக்குப் போலாம்," என்றாராம்.

வளாகத்தில் கழற்றிப் போட்டிருந்த பழைய கதவுப் பலகைகளைத் தரையில் பரப்பினார்கள். ஒரு தடித்த சவுக்கைக் கல்லின் அடியில் கொடுத்து நெம்பினார்கள். ஒரு விரற்கடை எழும்பியதும் சில்லு. மறுபக்கம் நெம்பினார்கள், அங்கே ஒரு சில்லு. இப்படி மாறி மாறி எழுப்பி, உருளையாகச் சவுக்குத் துண்டுகளைச் செருகி, பின்னால் இருந்து நெம்ப, கல் கிளம்பிற்று. மதில் ஓரத்திலிருந்து வாதாம் மரத்தடிக்குப் பதினைந்தடி போய், அங்கே குறுக்காகத் திரும்பிப் படுத்தது. நாற்பது நிமிடம் ஆனது. இரும்பு என்று எதுவும் கிட்டே வரவில்லை. கடைசியில் வழக்கம்போல ஒரு சில்லைச் செருகிவிட்டுத்தான் இறக்கினார்.

அந்த நாற்பது நிமிடமும் ஜவஹர் முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ போனில் பேசினார். திரும்பிப் பார்த்தபோது கல் இடம் மாறியிருந்தது. "இது மாடர்ன் டெக்னிக் பாய். இத கணக்குல எடுத்துக்க முடியாது," என்றார்.

"சவுக்குக் கட்டை மாடர்னா சார்?"

அதற்குள் வெயில் ஏறிவிட்டிருந்தது. முடிவுரை ஒன்று பேச வேண்டியிருந்தது. மேனி கறுக்காமல் பேச நிழல் வேண்டும். ஆகவே வாதாம் மரத்தடியில், பதினைந்தடி நடந்து வந்திருந்த அதே கல்லின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து, "எட்டு அனுபவசாலிகள். முழு பலம். ஆனால் இந்தக் கல் இம்மியும் நகரவில்லை," என்று உருக்கமாகப் பேசி முடித்தார்.

வீடியோ வெளியானது. நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். ஆரம்பத்தில் மதில் ஓரம் கிடந்த கல் முடிவில் மரத்தடியில் கிடந்ததை அந்த நான்கு லட்சத்தில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. கீழே ஆயிரக்கணக்கில் கருத்துரைகள். உடம்பு சிலிர்க்கிறது என்று ஒருவர். இதையெல்லாம் ஏன் பள்ளியில் சொல்லித்தருவதில்லை என்று ஒருவர். வீடியோவின் முகப்புப் படத்தில் அக்பர் பாஷாவின் வியர்த்த முகம் பெரிதாக, 'தோற்றுப்போன நிபுணர்' என்ற எழுத்துகளோடு.

முதலில் அவர் சிரித்தார். டீக்கடையில் நாலு பேர் கிண்டலடித்தபோதும் சிரித்தார். மூன்றாம் நாள் ஸ்ரீலக்ஷ்மியிடமிருந்து போன் வந்தபோது சிரிப்பு போய்விட்டது. கிண்டியில் அப்பாவுக்குப் பிறகு பிரஸ் பட்டறையைத் தனியாக நடத்துகிறவர் அந்தம்மா. பதினைந்து வருடமாக அவருடைய இயந்திரம் எதையும் அக்பர் பாஷாவைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. அந்த வரிசையில் உள்ள மற்றப் பட்டறைக்காரர்களும் அந்தம்மா யாரைக் கூப்பிடுகிறாரோ அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"பாய், பசங்க ஒரு வீடியோ காட்டினாங்க. பெரிய பிரஸ்ஸை அந்தப் பக்கம் மாத்தணும்னு சொன்னேன் இல்ல? கூரை ஷீட்டைக் கழட்டிட்டு ஹைட்ராவே சொல்லிரலாமான்னு பாக்கறேன். தப்பா நினைச்சுக்காதீங்க. அஞ்சு டன் இருக்கு. உங்களுக்கும் வயசாகுது."

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் கை வைக்கவில்லை. ஜைதூன் பீயிடம் அந்தக் கல்திட்டைப் படத்தைக் காட்டினார். ஜவஹரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். "இவன் பேரு ஊரு தெரியாது. எவ்ளோ பெரிய வேலைய செஞ்சுட்டு, பின்னால வர்றவனுக்கு எடமும் உட்டுட்டுப் போயிருக்கான். அந்த டுபாக்கூரு வந்து, நீ மனுசனே இல்ல, எதுவோ மேலருந்து வந்துச்சுன்றான். என்னிய அசிங்கப்படுத்துனது கூடப் பரவால்ல," என்றார். அது பொய். தன்னை அசிங்கப்படுத்தியதும் அவருக்குத் தாங்கவில்லை. இரண்டும் சேர்ந்துதான் சோற்றில் கை வைக்கவிடவில்லை.

ஜைதூன் பீ படத்தையும் பார்த்தார், வீடியோவையும் ஒருமுறை முழுக்கப் பார்த்தார். முப்பது வருடமாகச் சில்லுகளைக் கிண்ணத்தில் போட்டு எடுக்கிற கண். "இந்தாளு கால் வெச்சிருக்கற கல்லுக்கு அடியில உங்க சில்லு தெரியுதுங்களே," என்றார்.

மறுநாள் காலை அக்பர் பாஷா ஸ்ரீலக்ஷ்மியின் பட்டறைக்குப் போனார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வீடியோவை ஓடவிட்டு, ஜவஹர் இம்மியும் நகரவில்லை என்கிற இடத்தில் நிறுத்தி, திரையை இரண்டு விரலால் விரித்து, அந்தம்மாவிடம் நீட்டினார். ஜவஹரின் செருப்புக்குக் கீழே கல். கல்லுக்குக் கீழே ஒரு மூலையில் வெளுத்த மரச்சில்லு.

"நகராத கல்லுக்குக் கீய சில்லு எப்டி மேடம் போச்சு?" என்றார்.

ஸ்ரீலக்ஷ்மி படத்தைப் பார்த்தார். பின்னுக்கு ஓட்டி, ஆரம்பத்தில் கல் கிடந்த மதிலைப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், தன் அப்பா காலத்தில் அக்பர் பாஷா இறக்கிவைத்த லேத்தின் பக்கத்தில், புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் குனிந்து அதன் அடியைப் பார்த்தார். கிரீஸும் புழுதியும் ஏறிக் கறுத்துப்போய், அங்கேயும் ஒன்று இருந்தது.

"அந்த ஆள்கிட்ட நீங்க நகர்த்தினதைச் சொல்லலையா?"

"அவரு முன்னாலதான் நகத்துனேன். அவரு கல்ல எங்க பாத்தாரு? முதுகக் காட்டிக்கினு போன்ல பேசிக்கினு இருந்தாரு."

அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்றார்.

ஐந்து டன் பிரஸ்ஸைக் கிளப்பவே அரை நாள் பிடித்தது. இருபது வருடத்துக்கு முன்பு அதை முதலில் இறக்கியவர்கள் வெளியூர்க் கம்பெனி ஆட்கள். தரையோடு தரையாகப் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அக்பர் பாஷா அவர்கள் பரம்பரையையே இழுத்து ஏசியபடி, ஒரு விரலையும் அடியில் விடாமல், கடப்பாரை முனையாலேயே இடம் தேடி எழுப்பினார். மாலையில் பிரஸ் புது இடத்தில், வழக்கமான சில்லின்மேல் நின்றது. ரசமட்டத்தை மேலே வைத்தார். குமிழ் நடுக்கோட்டை விட்டு ஒரு மயிரிழை விலகி நின்றது. பையிலிருந்த சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் தடிமன் அதிகம்.

அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. அம்மாசி எடுத்துப் பார்த்து, "அடையாறு சார்தான் மேஸ்திரி. அடுத்த வீடியோவுக்குப் பத்து டன் கல்லு கீதாம், நம்மளயே வரச் சொல்லி காலையிலயும் பேசுனாரு," என்றார்.

"அடிக்கட்டும்," என்றார் அக்பர் பாஷா. கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மறுபடி டவுசர் பைக்குள் கைவிட்டார். தண்ணீரில் ஊறாத அந்தத் தடித்த அட்டையை எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்து, ரசமட்டத்தை ஒருமுறை பார்த்தார். அட்டையை இரண்டாக மடித்தார். அம்மாசி கடப்பாரையால் பிரஸ்ஸின் ஒரு காலை லேசாகத் தூக்க, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடின் நுனியால் 'தொல்மர்ம ஆய்வாளர்' என்ற பொன்னெழுத்து உள்ளே போகும்வரை தள்ளினார்.

"உடு," என்றார். ஐந்து டன்னும் அதன்மேல் உட்கார்ந்தது. குமிழ் நடுவுக்கு வந்து நின்றது.